வியாழக்கிழமை விரதம்

என் மாமியாரை நான் ஒருநாளும் வாய்விட்டுத் திட்டியதில்லை. மனதுக்குள் திட்டியதற்குக் கணக்கில்லை, அது வேறு விஷயம். வெளியே ஒரு சொல் வந்ததில்லை என்ற நல்ல பெயரைக் கல்யாணமான நாளிலிருந்து கட்டிக் காத்து வந்தேன். அதை ஒரு சனிக்கிழமைக் காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தூண் கெடுத்துவிட்டது.

அன்றைக்கு என் மாமனார் ரெங்கசாமியின் முதல் வருஷத் திதி. மாமியார் ரத்தினம்மா விடியுமுன்பே எழுந்து தலைக்குக் குளித்து, வாழைக்காய்க் கறி, பாகற்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் செய்து படத்துக்கு முன்னால் படைத்தார். பிறகு எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒரு சின்ன இலையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார், காக்கைக்கு வைக்க. சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீடு நான்காவது மாடி. நான் காரிடாரில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புல்தரை ஓரமாக இலையை வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கா... கா..." என்று குரல் கொடுத்தார்.

டிங் டாங் என்றது புல்தரை ஓரத்து ஒலிபெருக்கித் தூண். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. பிறகு சீனத்தில், மலாயில். கடைசியாகத் தமிழில், "அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, பறவைகளுக்கு உணவளிக்காதீர்கள். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது.

அது என் குரல்.

மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் மேலே பார்த்தார்.

"இளமதி! என்னையா சொல்ற?"

"நான் இல்ல அத்தை!"

"பறவைகளுக்கு உணவளிக்காதீர்கள்" என்று தூணிலிருந்து நான் மறுபடியும் சொன்னேன்.

"பொய் வேறயா!" என்றார் மாமியார். எதிர் புளோக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு சீனத்து ஆன்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மனிதச் சூழலியல். மனிதர்கள் தாங்கள் வாழும் இடத்தை எப்படி மாற்றுகிறார்கள், அந்த இடம் திரும்ப அவர்களை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் படிப்பு. யார் எங்கே உட்காருகிறார்கள், எதை எங்கே தின்கிறார்கள், மிச்சத்தை எங்கே போடுகிறார்கள், அதைத் தேடி எது வருகிறது என்பதெல்லாம் எனக்குப் பாடம். இதை ஒரு தடவை மாமியாருக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அன்று மாலையே பக்கத்து வீட்டில் "என் மருமக குப்பைத்தொட்டி டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டார். அதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை.

எங்கள் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன வருடம் கிடைத்த வேலை, எங்கள் வட்டாரத்தில் பறவைத் தொல்லையைக் குறைப்பது. குப்பைத்தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி போடச் சொன்னேன். மரங்களில் இருந்த காக்கைக் கூடுகளை எடுக்கும்போது ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு கீழே நின்று மேற்பார்வை பார்த்தேன். கடைசியாகப் போன மாதம் தூண் வந்தது: யாராவது இரை போட்டால் கேமரா கண்டுபிடிக்கும், தூண் பேசும். தமிழ் அறிவிப்புக்குக் குரல் கொடுக்க ஆள் தேடியபோது அலுவலகத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். புறா குறைந்தது, மைனா குறைந்தது, காக்கை அறவே போய்விட்டது. சாயங்காலம் ரொட்டித்துண்டோடு வந்து கீழே உட்காரும் நாலைந்து தாத்தாக்களும் காணாமல் போனார்கள். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் இதையெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பயம்தான்.

மாமியார் இலையோடு மேலே வந்து சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தார்.

"காக்கா சாப்பிடாம நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

இது சாதாரண மிரட்டல் இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டிருந்தார். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மத்தியானத்துக்குள் தலை சுற்றும், கை நடுங்கும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் இப்படித்தான் குளியலறையில் விழப் பார்த்தார்.

என் கணவர் ரகுபதிக்கு எந்தப் பிரச்சினையானாலும் ஃபோனில் ஒரு தீர்வு இருக்கும். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, முகம் மலர, "அம்மா, இங்க பாருங்க. ஊர்ல கடற்கரையில நம்ம பேர்ல காக்காவுக்கு வைப்பாங்களாம். அப்பா பேரைச் சொல்லி வைப்பாங்க. லைவ்ல பாக்கலாம்" என்றார்.

பணம் கட்டினார். திரையில் ஓர் ஆள் தோன்றி, "சிங்கப்பூர் ரெங்கசாமி அவர்களுக்காக" என்று கூவிச் சோற்று உருண்டையை வைத்தான். கை எடுப்பதற்குள் ஒரு காக்கை வந்து கொத்தியது. ரகு பெருமையாக அம்மாவைப் பார்த்தார்.

"இந்தக் காக்கா யாருக்கு வேணாலும் சாப்பிடும்" என்றார் மாமியார். "உங்கப்பா கூப்பிட்ட உடனே சாப்பிட வந்ததா சரித்திரமே இல்ல. இது வேற ஆளு."

ரகு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு நாள்தானே அத்தை. கொஞ்சம் பாயசமாவது குடிங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். குரல் உடைந்திருந்தது.

"அன்னைக்கு ராத்திரி உங்க மாமா மீ கோரெங் நூடுல்ஸ் கேட்டாரு. கீழ போயி ஒரே ஒரு ப்ளேட் வாங்கிட்டு வான்னு கெஞ்சினாரு. டாக்டர் சொன்னாரேன்னு நான் ஓட்ஸக் காய்ச்சிக் குடுத்தேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் குடிச்சாரு. விடிகாலையில போயிட்டாரு. பதினாறாம் நாளு எல்லாம் வச்சேன், காக்கா வரல. ஆடி அமாவாசைக்கு வச்சேன், வரல. கேட்டதக் குடுக்காம அனுப்பிட்டேன். கோவமா இருக்காரு."

ஒரு வருடமாக அந்த அம்மாள் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். இனிமேலும் மறைப்பது அநியாயம் என்று பட்டது.

"அத்தை, மாமாவுக்குக் கோவமெல்லாம் இல்ல. காக்கா வராததுக்குக் காரணம் குப்பைத்தொட்டி. மூடி போட்டுட்டோம், கூட்ட எடுத்துட்டோம். சாப்பாடு இல்லாத இடத்துல காக்கா இருக்காது."

"யாரு போட்டது?"

"எங்க டீம்."

"டீம்னா?"

"நான்தான்."

மாமியார் என்னை நன்றாக ஏற இறங்கப் பார்த்தார். அந்தத் தூணே பரவாயில்லை என்று தோன்றியது.

"சரி" என்றார் கடைசியில். "ஆனா அவரு வரணும்னு நெனச்சா உன் மூடிக்கெல்லாம் பயப்படுற ஆளா? எனக்கு அவரு வந்து சாப்பிடணும். வெரட்டினவ நீதானே, எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும். அதுதான் என் வேலை. பறவைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதற்கு என் ஃபோனில் ஒரு வரைபடமே இருந்தது. நிறையக் கறுப்புப் புள்ளிகள் கேலாங் பக்கம்.

"கேலாங்கா?" மாமியார் நிமிர்ந்தார். "அங்கதானே சிவன் கோயில் இருக்கு. வியாழக்கிழமை தவறாம உங்க மாமா போவாரே. குருவுக்கு விரதம் இருந்து, மத்தியானம் வீட்ல ஒரு வாய் சாப்பிடாம, நெத்தி நிறைய திருநீறோட வருவாரே. அவரு கால் பட்ட எடம். கிளம்புங்க."

மாமனாரின் வியாழக்கிழமை விரதம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். ஒரே ஒரு புதிர் மட்டும் தீரவே இல்லை. அன்று சாயங்காலம் மாமியார் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எகிறியிருக்கும். "விரதம் இருந்தா கொறையத்தானே செய்யணும்?" என்று டாக்டரிடம் கேட்பார். டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார், மறுபடியும் மாற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. வெறும் வயிற்றில் உடம்பு இப்படியும் செய்யும் என்று நான் வேறு இரண்டு கட்டுரைகளை எடுத்து விளக்கினேன்.

மாமியார் தூக்குச்சட்டியில் படையலைக் கட்டிக்கொண்டார். மாலை போட்ட மாமனார் படத்தைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்சி ஏறினோம். போகிற வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அத்தனை தமிழர்கள் இருக்கும் இடத்தில் ஒரு காக்கை இல்லாமல் போகுமா என்பது அவர் வாதம். வரைபடத்தில் அங்கே புள்ளியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். குப்பைத்தொட்டி டிபார்ட்மெண்ட் பேச்சு எடுபடவில்லை.

ஒரு திடல் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இலையை விரித்ததுதான் தாமதம், ஐம்பது புறா வந்துவிட்டது. மாமியார் கைப்பையை வீசி விரட்டினார். "புறாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? போ!" அந்த அமளியில் ஒரு மைனா வடையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. ரகு மெதுவாக, "மைனாவா வந்திருக்கலாமோ?" என்றார்.

"வடையா? அவரா? பல்லு செட்ட வச்சுக்கிட்டா?"

ரகு டாக்சி பிடிக்கப் போனார். இலையை மடிக்கும்போது மாமியாரின் விரல்கள் லேசாக நடுங்கியதை நான் கவனித்தேன். என் கைப்பையில் இருந்த மிட்டாயை நீட்டினேன். தள்ளிவிட்டார். டாக்சியில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போனால் காக்கையைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரியைத்தான் தேட வேண்டும்.

கேலாங்கில் சிவன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். கோயில் வளாகத்தில் காக்கைக்கு வைக்கிற பேச்சுக்கே இடமில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பழைய காப்பிக்கடை. வெளியே மரத்தடியில் நாலைந்து மேசைகள். மேலே பார்த்தேன். கிளையில் காக்கைகள், ஒன்றல்ல, ஏழெட்டு.

"அத்தை, இருக்கு!"

"இருந்தா போதுமா, எப்படி வைக்கிறது? இங்க தூண் பேசாது. ஆனா ஆளு நேரா வந்து ஃபைன் போட்டா?"

இந்த இடத்தில் என் படிப்பு கைகொடுத்தது. இந்த ஊரில் காக்கைக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது. ஆனால் நம் சாப்பாட்டை மேசையில் வைத்து, பக்கத்தில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு, காப்பி வாங்க வரிசையில் நிற்கலாம். தீவு முழுக்க எல்லோரும் செய்வதுதான். நாம் வரிசையில் நிற்கும்போது நம் தட்டில் ஒரு காக்கை வாய் வைத்தால் நாம் குற்றவாளி இல்லை, பறிகொடுத்தவர்கள்.

மாமியாருக்கு இந்தத் திட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலையிலிருந்து முதல்முறையாக என்னை மதிப்போடு பார்த்தார். தட்டில் இலையை விரித்து, படையலைப் பரிமாறி, டிஷ்யூ பாக்கெட்டில் மாமனார் படத்தைச் சாய்த்து நிறுத்தினார். மாலையோடு அவர் காப்பிக்கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இடம் பிடிக்க வந்தவர் மாதிரியே. நாங்கள் மூவரும் போய்க் காப்பி வரிசையில் நின்றோம்.

காக்கைகள் கத்தின. ஒன்றுகூட இறங்கவில்லை. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன, படையலை இல்லை, என்னை. நான் இடது பக்கம் நகர்ந்தால் அவையும் திரும்பின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காக்கை முகம் மறக்காது. கூட்டைக் கலைத்தவர்களை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும் என்று நானே அலுவலகத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இதை மாமியாரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப உன்னப் பாத்துத்தான் அவரு வர மாட்டேங்குறாரு. ஒளிஞ்சுக்க."

"எங்க அத்தை ஒளியறது?"

"எங்கயாவது. அந்தப் பிரிட்ஜ் பின்னால போ."

முதுநிலைப் பட்டம் வாங்கிய நான், பானக்கடைக் குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முகமூடி போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னவென்று கேட்டார். வெயில் என்றேன்.

காக்கைகள் அடங்கின. ஒன்று மட்டும் இறங்கி நாற்காலி முதுகில் உட்கார்ந்தது. நல்ல பெரிய காக்கை. படையலைச் சுற்றி வந்து பார்த்தது. பாகற்காயைப் பார்த்தது, வாழைக்காயைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அலகைத் தீட்டியது. குளிர்பெட்டி இடுக்கு வழியாக மாமியார் முகத்தை நான் பார்த்தேன். அவர் வரிசையில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா ரகு. வந்துட்டு, தொடாமப் போறாரு. மன்னிக்கல."

காக்கை எழும்பிக் கிளைக்குப் போய்விட்டது. மாமியார் தள்ளாடி நடந்து மேசைக்கு வந்து, படத்தின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வேர்வை. நான் இடுக்கிலிருந்து பாய்ந்து வந்தேன். காக்கைகள் கத்தித் தீர்த்தன. கத்தட்டும் என்று மிட்டாயைப் பிரித்து அவர் வாயருகே கொண்டுபோனேன்.

அப்போது மீ கோரெங் கடையிலிருந்து ஓர் அம்மா கரண்டியும் கையுமாக வந்தார். அறுபதை நெருங்கும் வயது, தலையில் பூப்போட்ட முக்காடு.

"அக்கா, வெளிச் சாப்பாடு இங்க வைக்கக் கூடாதுலா, முதலாளி..." என்று ஆரம்பித்தவர் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "யா அல்லா! இது நம்ம ரெங்கா அண்ணன்லா!"

நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம்.

"கோயில்ல சொன்னாங்க, அண்ணன் மவுத்தாயிட்டாருன்னு. எனக்கு நம்பவே முடியல. நான் ஆஸ்மா. நீங்க அண்ணி தானே? அண்ணன் உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"உங்களுக்கு எப்படிம்மா அவரத் தெரியும்?" மாமியாரின் குரல் எழும்பவே இல்லை.

"வாரா வாரம் வியாழக்கிழமை வருவாருல்ல! கோயில் கும்பிட்டுட்டு நேரா இங்கதான். இந்த மேசைதான். ஒரு மீ கோரெங், காரம் தூக்கலா, மேல ஒரு முட்டை. அப்புறம் ஒரு தே தாரேக் டீ, சீனி கொஞ்சம் கூட. அண்ணனுக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே மாட்டேன், கோயில் மணி கேட்டா சட்டிய வச்சிருவேன்."

ரகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த இரண்டு கட்டுரைகளை எழுதியவர்களை மனதுக்குள் கேட்காத கேள்வி கேட்டேன். யார் எங்கே உட்கார்ந்து எதைத் தின்கிறார்கள் என்பதுதான் என் படிப்பு. சொந்த வீட்டு மனுஷன் பல வருடங்களாக இந்த மரத்தடியில் உட்கார்ந்து தின்றது எனக்குத் தெரியவில்லை. கிளையில் இருந்த காக்கைக்குத் தெரிந்திருக்கிறது.

மாமியார் படத்தைப் பார்த்துக்கொண்டே, "கடைசியா எப்ப வந்தாரு?" என்றார்.

"கடைசி வியாழக்கிழமையும் வந்தாருக்கா. அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தாரு. இன்னொண்ணு போடு ஆஸ்மான்னு கேட்டு வாங்கி ரெண்டு ப்ளேட் சாப்பிட்டாரு. மறுநாள் போயிட்டாருன்னு கேட்டதும் எனக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. நான் போட்டிருக்கக் கூடாதோன்னு..."

"ரெண்டு ப்ளேட்டா?"

"ஆமாக்கா."

"அப்ப ராத்திரி என்கிட்ட கேட்டது மூணாவதா?"

ஆஸ்மாவுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. மாமியாரின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்து ரகு தோளைப் பிடித்தார். அவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. மாமனார் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"யோவ் திருட்டு மனுஷா! ஒரு வருஷமா நான் தூங்கலய்யா. ஓட்ஸக் குடுத்து அனுப்பிட்டேனேன்னு சாமி முன்னால உக்காந்து அழுதேன். நீ பாட்டுக்கு முட்டை போட்டு ரெண்டு ப்ளேட் தின்னுட்டு, பட்டினி கெடந்தவன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியா?"

பிறகு ஆஸ்மாவின் கையைப் பிடித்தார்.

"நீ ஒண்ணும் நெனக்காத தங்கச்சி. எழுவத்தாறு வயசு மனுஷன், ஆசப்பட்டதச் சாப்பிட்டுத்தான் போயிருக்காரு. அது உன் கையால. ஒரு மீ கோரெங் போடு. காரம் தூக்கலா, மேல ஒரு முட்டை. தே தாரேக்கும்."

"அம்மா, திதி அன்னைக்கு முட்டையா?" என்றார் ரகு.

"அவருக்குப் புடிச்சதத்தானே படைக்கணும்? உயிரோட இருக்கும்போதே பாகற்காயத் தொட மாட்டாரு. செத்த பின்னால எதுக்குத் தொடணும்?"

மீ கோரெங் ஆவி பறக்க வந்தது. மாமியார் படையல் இலையை மடித்து எடுத்துவிட்டுத் தட்டை அந்த இடத்தில் வைத்தார். டிஷ்யூ பாக்கெட், அதில் சாய்த்த படம். எழுந்திருக்கும்போது படத்தின் பக்கம் குனிந்து மெதுவாக, "வாங்க. இனிமே ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிட வேண்டாம்" என்றார். எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் நானாகவே குந்திக்கொண்டேன். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது.

அதே காக்கை இறங்கியது. நாற்காலி முதுகில்கூட நிற்கவில்லை, நேராக மேசைக்கு. மஞ்சள் கருவை ஒரே கொத்து. பிறகு நூடுல்ஸ் ஒன்றை நீளமாக இழுத்துக்கொண்டு நின்று தின்றது. மனிதச் சூழலியல்காரியாகச் சொல்கிறேன், பல வருடம் வியாழக்கிழமைதோறும் அதே மேசையில் அதே தட்டிலிருந்து மிச்சம் கிடைத்த காக்கை அப்படித்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ரத்தினம்மாவின் மருமகளாகச் சொல்கிறேன், அது அவர்தான்.

"பாத்தியா" என்றார் மாமியார் ரகுவிடம். "இழுத்து இழுத்துத் தின்னுறதப் பாரு. அவரேதான்."

காக்கை போன பிறகு மாமியார் உட்கார்ந்து ஆஸ்மாவிடம் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாதியில் கை நடுக்கம் நின்றது. முழுத் தட்டையும் காலி செய்துவிட்டு, நல்ல பிள்ளையாக இரண்டு தட்டுகளையும் கொண்டுபோய்த் தட்டு திருப்பும் இடத்தில் வைத்தார். தட்டை மேசையிலேயே விட்டுப்போவதற்கு வேறு ஃபைன் கட்ட அவர் தயாராக இல்லை.

திங்கட்கிழமை பறவைத் திட்டத்தின் முடிவறிக்கையைத் திறந்து ஒரு பத்தி சேர்த்தேன். பறவைகள் குறைந்தன, அத்தோடு கீழே வந்து உட்காரும் மனிதர்களும் குறைந்தார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இதை வெற்றி என்று சொல்ல முடியாது என்று எழுதினேன். அமாவாசைக் காலையில் காக்கைக்கு வைப்பவர்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கலாம், வைத்தவர்களே சுத்தம் செய்துவிட்டுப் போகட்டும் என்றும் எழுதினேன். மேலதிகாரி ஆதாரம் என்ன என்று கேட்டிருக்கிறார். என்ன பதில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் அறிவிப்பை மட்டும் வேறு யாரையாவது வைத்துப் பேசச் சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமை காலையில் மாமியார் பட்டுச்சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டினார். கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட் எட்டிப் பார்த்தது.

"கேலாங் கோயிலுக்குப் போயிட்டு வரேன். மத்தியானம் எனக்குச் சமைக்காத. விரதம்."

"சரி அத்தை" என்றேன். "சாயங்காலம் சுகர் பாக்கணுமே?"

"அது வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பட்டனை அமுக்கினார்.